மோட்டார் ரூமில்தான் தெரியும்: பம்புசெட் கருவி செய்ய இறங்கும் ஸ்டார்ட்அப்புக்கு

செல்போனிலிருந்து பம்புசெட்டைப் போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி. பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டு புராஜெக்ட்டுகளில் வருடம் தவறாமல் வரும் சாதனம் இது. ஒரு ஆர்டுயினோ (சிறு கணினி போர்டு), செல்போன் நெட்வொர்க்கில் பேசும் ஒரு சிம்800 மாட்யூல், மின்சாரத்தால் திறந்து மூடும் ஸ்விட்ச்சான ரிலே இரண்டு. சென்னை ரிச்சி தெருவில் ஒரு சுற்று வந்தால் பொருள் கிடைத்துவிடும், சனி ஞாயிறில் மேசை மேல் ஓடவைத்துவிடலாம். மிஸ்டு கால் கொடுத்ததும் ரிலே டிக் என்று விழும். அந்தச் சத்தத்தை நம்பி வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் அவர்கள் எதிர்கொள்வது என்ன, அதில் எதை முன்கூட்டியே, குறைந்த செலவில் சந்தித்திருக்கலாம் என்பதுதான் இங்கே விஷயம்.

யோசனை புதிதல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வாலின் 'நானோ கணேஷ்' கருவி செல்போன் வழியாகப் பம்பை இயக்கி, 2009-லேயே நோக்கியா நடத்திய போட்டியில் பரிசு வாங்கிவிட்டது. கோவையில் மட்டும் இதைச் செய்த, செய்கிற கம்பெனிகள் பல. ஆனாலும் இடம் இருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் மின்சாரம் வரும் விதம் வேறு, கிணற்றின் ஆழம் வேறு, மோட்டார் வேறு, விவசாயியின் பழக்கம் வேறு. ஒரு ஊரில் ஓடியது அடுத்த தாலுகாவில் ஓடாது. இந்தத் தொழிலில் கற்பனைக்கு வேலை இருப்பது அந்த இடைவெளியில்தான்.

பெட்டி செய்வதற்கு முன் செய்யவேண்டிய சோதனை

பெரும்பாலானோர் முதலில் சோதிப்பது 'வேலை செய்யுமா?' என்பதை. அது எப்படியும் வேலை செய்யும். கம்பெனியை மூடவைக்கும் கேள்விகள் வேறு: மோட்டார் ரூமுக்குள் சிக்னல் இருக்கிறதா, சிம் ரீசார்ஜை யார் கட்டுவது, பெட்டியை மாட்டிவிடுவது யார், கெட்டுப்போனால் அன்றைக்குத் தண்ணீர் பாய்ச்சுவது எப்படி, இதற்கு 5,000 ரூபாய் கொடுப்பார்களா. இவற்றில் ஒன்றுக்குக்கூட சாலிடரிங் அயர்ன் தேவையில்லை.

சிக்னலுக்கு ஒரு மாட்யூலையும் பவர் பேங்கையும் எடுத்துக்கொண்டு 30 மோட்டார் ரூமுக்குப் போய்வாருங்கள். கதவைச் சாத்திவிட்டு, ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கும் உயரத்தில் வைத்து, மாட்யூல் சொல்லும் சிக்னல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 0-விலிருந்து 31 வரை வரும். எண்ணை இரண்டால் பெருக்கி, அதிலிருந்து 113-ஐக் கழித்தால் சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அலகில் கிடைக்கும். 10 என்று வந்தால் மைனஸ் 93. பத்துக்குக் கீழே உள்ள இடங்களில் வெளியே ஆன்டெனா வைத்து, மூன்று மீட்டர் கேபிள் இழுக்க வேண்டியிருக்கும். 30-ல் எத்தனை இடம் அப்படி என்று தெரிந்தால், அந்த ஆன்டெனாவின் விலையைப் பெட்டி விலைக்குள் சேர்ப்பதா, தனியாக விற்பதா என்று இப்போதே முடிவு செய்யலாம். ஆயிரம் பெட்டி அடித்த பிறகு இது தெரியவந்தால் அந்த முடிவு உங்கள் கையில் இருக்காது.

பணத்துக்கு, 'வாங்குவீங்களா?' என்று கேட்கவே கூடாது. "நல்லாத்தான் இருக்குது தம்பி, செய்யுங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். அது மரியாதைக்குச் சொல்வது, ஆர்டர் அல்ல. 500 ரூபாய் முன்பணம் கேளுங்கள், ரசீது கொடுங்கள், எத்தனை மாதத்தில் பெட்டி வராவிட்டால் பணம் திரும்ப வரும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். 30 பேரில் ஐந்து பேர் எடுத்துக் கொடுத்தால் மேலே போகலாம். ஒருவரும் கொடுக்காவிட்டால் பெட்டி தவறா, விலை தவறா, கேட்ட ஆள் தவறா என்று பார்க்கவேண்டும். செலவு பெட்ரோல் மட்டும்தான்.

இன்னொரு சோதனையும் உண்டு, இதைத்தான் குறைவாகச் செய்கிறார்கள். உள்ளூரில் ஒரு ஆளை இரண்டு வாரத்துக்கு அமர்த்தி, பத்து விவசாயிகளுக்கு அவர் நம்பரைக் கொடுங்கள். அவர்கள் கூப்பிட்டால் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு, நிறுத்திவிட்டு வருவார். யார், எந்த நேரத்தில், என்ன கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதவேண்டும். மோட்டாரைப் போடச் சொல்லும் அழைப்புகளோடு "கரண்ட் வந்துருச்சா?", "தண்ணி விழுகுதா?" என்ற கேள்விகளும் அந்த நோட்டில் சேரும். அவற்றின் எண்ணிக்கையைப் பாருங்கள். தூரத்திலிருந்து இயக்குவது நாம் கற்பனை செய்த தேவை. நடுராத்திரி எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும் நடையை மிச்சப்படுத்துவது அவர்களுடைய தேவை. இரண்டுக்கும் வேண்டிய சர்க்யூட் ஒன்றல்ல.

415 வோல்ட் என்பது 230-ன் பெரிய அண்ணன் அல்ல

மேசையில் 230 வோல்ட்டில் ஓடிய பெட்டி மோட்டார் ரூமில் முதல் வாரத்திலேயே புகைவதற்குக் காரணம் எளிது. பல விவசாய ஸ்டார்ட்டர்களில் நியூட்ரல் கம்பியே வராது. மூன்று ஃபேஸ் மட்டும்தான். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் பெரிய ஸ்விட்ச்சான கான்டாக்டரின் காயிலும் இரண்டு ஃபேஸுக்கு நடுவில் 415 வோல்ட்டில் வேலை செய்யும். கடையில் கிடைக்கும் சிறிய பவர் சப்ளை மாட்யூல்கள் 265 வோல்ட் வரைதான் தாங்கும். நியூட்ரல் இருக்கும் இடத்தில் அதை நம்பி மாட்டினாலும், என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் ஃபேஸுக்கும் அதற்கும் நடுவே 400 வோல்ட் வரை வந்து நிற்கும்.

415-ஐ டிசியாக மாற்றினால் உச்சம் 587 வோல்ட். இரவில் சுமை குறைந்து லைன் 480-க்கு ஏறினால் 680-ஐ நெருங்கும். 450 வோல்ட் கெபாசிட்டர் ஒன்றை வைத்து இதைச் சமாளிக்க முடியாது. 400 வோல்ட் கெபாசிட்டர் இரண்டைத் தொடராகப் போட்டு, இரண்டுக்கும் வோல்டேஜ் சமமாகப் பிரிய ரெசிஸ்டர் வைத்து, ஸ்விட்சிங் டிரான்சிஸ்டரையும் 1,000 வோல்ட்டுக்கு மேல் தாங்கக்கூடியதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த டிசைனில் கைதேர்ந்தவர் கூட இல்லாவிட்டால், முதல் நூறு பெட்டிக்கு 440-க்கு 12 வோல்ட் இரும்புக்கோர் டிரான்ஸ்ஃபார்மரே போதும். கனம் கூடும், பெட்டி பெரிதாகும், முதலீட்டாளரிடம் காட்ட அழகாக இருக்காது. ஆனால் இடி மின்னலையும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தையும் அதுபோலத் தாங்குவது வேறில்லை, கோவையில் சொன்ன அளவுக்குச் சுற்றித் தர ஆளும் உண்டு. ஸ்விட்சிங் சப்ளையை அதற்குப் பிறகு பொறுமையாகச் செய்துகொள்ளலாம்.

ரிலேயிலும் இதே தவறு நடக்கும். நீல நிறச் சிறு ரிலேயின் மேல் '10 ஆம்பியர் 250 வோல்ட்' என்று அச்சடித்திருக்கும். கான்டாக்டர் காயில் இழுப்பது ஒரு ஆம்பியருக்கும் குறைவுதானே என்று அதையே போடுவார்கள். ஆம்பியர் சரி, வோல்ட் சரியில்லை. 415 வோல்ட் காயிலைத் துண்டிக்கும்போது எழும் பொறி, ரிலேயின் முனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று ஒருநாள் ஒட்டவைத்துவிடும். நிறுத்தும் ரிலே அப்படி ஒட்டிக்கொண்டால் போனில் நிறுத்தினாலும் மோட்டார் நிற்காது. 440 வோல்ட்டுக்கு மதிப்பிட்ட ரிலேயை வாங்குங்கள், காயிலுக்குக் குறுக்கே அந்த வோல்ட்டுக்கு ஏற்ற, பொறியை அடக்கும் ரெசிஸ்டர்-கெபாசிட்டர் ஸ்னப்பர் வையுங்கள். சர்ஜை, அதாவது திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தாங்கும் எம்ஓவி என்ற பாகமும் அப்படித்தான். 275 வோல்ட் எம்ஓவியை இரண்டு ஃபேஸுக்கு நடுவே போட்டால் அது பாதுகாக்காது, தானே எரியும். அங்கே 550 வோல்ட் அல்லது அதற்கு மேல் வேண்டும், முன்னால் ஒரு ஃபியூஸும் வேண்டும்.

அடுத்தது, மேசையில் எத்தனை மாதம் ஓட்டினாலும் கண்ணில் படாத கோளாறு. 2ஜி மாட்யூல் சிக்னல் அனுப்பும்போது 577 மைக்ரோ செகண்டுக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும், 4.6 மில்லி செகண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப. டவர் பக்கத்தில் இருந்தால் குறைந்த சக்தியிலேயே பேசிவிடும் என்பதால் அலுவலகத்தில் பிரச்சினையே வராது. சிக்னல் மங்கிய தோட்டத்தில் முழுச் சக்தியில் கத்தும். அப்போது சப்ளை 3.4 வோல்ட்டுக்குக் கீழே ஒரு நொடிக்கும் குறைவாக விழுந்தாலும் மாட்யூல் அணைந்து மறுபடி எழும். விவசாயி சொல்லும் அறிகுறி: "ரிங் போகுது, உடனே கட்டாகுது." மாட்யூலை ஒட்டியே 1,000 முதல் 2,200 மைக்ரோஃபாரட் வரை நல்ல ரகக் கெபாசிட்டர், அகலமான செம்புத் தடம், 2 ஆம்பியரை உண்மையிலேயே தரும் ரெகுலேட்டர் மூன்றும் வேண்டும். இதை அலுவலகத்திலேயே வரவழைத்துப் பார்க்க, ஆன்டெனாவோடு பெட்டியை ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து மூடியைச் சாத்திவிட்டு 50 முறை கூப்பிடுங்கள். ஐம்பதில் ஒருமுறை தவறினாலும் அந்த போர்டை வயலுக்கு அனுப்பாதீர்கள்.

வெயில், எறும்பு, பல்லி பற்றியும் ஒரு வார்த்தை. தகரக் கதவுள்ள மோட்டார் ரூமில், இரும்புப் பெட்டிக்குள், மே மாதம் 60 டிகிரியைத் தாண்டும். கெபாசிட்டர் 105 டிகிரி ரகமாக இருக்கட்டும். பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும். கேபிள் நுழையும் ஓட்டைக்குச் சரியான அளவு கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் அடைப்பு) போடாத பெட்டியில் எறும்பு குடியேறும். போர்டுக்கு மேல்பூச்சு அடிப்பது ஆடம்பரம் அல்ல.

கெட்டாலும் தண்ணீர் பாயவேண்டும்

இத்தனையும் சரியாகச் செய்தாலும் பெட்டிகள் கெடும். அதனால் டிசைனில் முதலில் வரையவேண்டிய கோடு, கெட்டபின் என்ன ஆகும் என்பது. சாதாரண ஸ்டார்ட்டரில் பச்சை பட்டனை அழுத்தினால் காயிலுக்கு மின்சாரம் போகும், கான்டாக்டர் தானே தன்னைப் பிடித்துக்கொள்ளும். சிவப்பை அழுத்தினால் அந்தப் பிடிப்பு அறுபடும். நம் 'போடும்' ரிலேயைப் பச்சை பட்டனுக்கு இணையாக, இரண்டு மூன்று விநாடி மட்டும் மூடும்படி வைக்கவேண்டும். 'நிறுத்தும்' ரிலேயைச் சிவப்பு பட்டனோடு தொடராக, சும்மா இருக்கும்போது மூடியிருக்கும் முனையில் வைக்கவேண்டும். இப்படிச் செய்தால் பெட்டி முழுக்கச் செத்தாலும் பச்சையும் சிவப்பும் பழையபடி வேலை செய்யும். பெட்டி நடுவில் ரீசெட் ஆனாலும் ஓடும் மோட்டார் நிற்காது.

ஓடும் நேரம் முழுக்க ரிலேயை மூடியே வைத்திருக்கும் டிசைன்களும் சந்தையில் உண்டு. கம்பி குறைவு, மாட்டுவது சுலபம். ஆனால் பெட்டி செத்தால் பயிரும் காயும். வாடும் நாற்றுக்கு முன்னால் நின்றுகொண்டு சர்வீஸ் நம்பரில் காத்திருக்கும் விவசாயி, அந்தப் பெட்டியைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்வார், சொல்லவேண்டும்.

கரண்ட் வந்ததும் தானாக மோட்டாரைப் போடும் வசதியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 5 ஹெச்பி மோட்டார் ஓடும்போது சுமார் 8 ஆம்பியர் எடுக்கும், கிளம்பும்போது அதைப்போல ஆறு மடங்கு. 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் தரக்கூடியது ஒரு ஃபேஸுக்கு 139 ஆம்பியர்தான். அதில் பத்து மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பினால் 480 ஆம்பியர். ஃபியூஸ் போகும், அந்த இரவு எல்லோருக்கும் தண்ணீர் இல்லாமல் போகும். ஒரு பெட்டி விற்றபோது தெரியாத இந்தச் சிக்கல், ஒரே ஊரில் பத்து விற்றதும் வரும். ஒவ்வொரு பெட்டியும் தன் வரிசை எண்ணை வைத்து 30 விநாடியிலிருந்து 5 நிமிடம் வரை வேறு வேறு நேரம் காத்திருந்து கிளம்பட்டும். இது நான்கைந்து வரி நிரல்.

கன்டன்சர் சொல்லிக்கொடுக்கும் பாடம்

இந்தத் துறையில் நல்ல பொறியாளர்கள் தோற்கும் இடம் இது. மூன்று ஃபேஸில் ஒன்று போனால் மோட்டார் எரியும். அதனால் எந்தப் பெட்டியிலும் ஒற்றை ஃபேஸ் போனால் நிறுத்தும் பாதுகாப்பு இருக்கும். அதைச் செய்வதிலேயே ஒரு நுணுக்கம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் ஒரு ஃபேஸ் போனால், மோட்டாரே அந்தக் கம்பியில் ஏறத்தாழப் பழைய வோல்டேஜைத் திருப்பி உண்டாக்கும். வோல்ட்டை மட்டும் அளக்கும் பெட்டி மூன்றும் இருப்பதாக நம்பி ஏமாறும். மின்னோட்டத்தை அளக்கவேண்டும், அதுவும் மூன்று கம்பியிலும். இரண்டு சிடி (மின்னோட்டம் அளக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்) போதும் என்று மூன்றாவதை விட்டு மிச்சம் பிடிப்பது சில பத்து ரூபாய். போவது ஒரு மோட்டாரின் காயில்.

இதையெல்லாம் சரியாகச் செய்து மாட்டிவிட்டு இரண்டு மாதம் கழித்துப் போனால், பெட்டியைத் தாண்டி ஒரு கம்பி இழுத்து நேராகப் போட்டிருப்பார்கள். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில், கன்டன்சர் (பெரிய கெபாசிட்டர்) போட்டு இரண்டு ஃபேஸில் மோட்டார் ஓட்டும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. மின்வாரியம் அதை அனுமதிப்பதில்லை, மோட்டாருக்கும் கேடு. ஆனாலும் செய்கிறார்கள், ஏனென்றால் மூன்றாவது ஃபேஸ் எப்போது திரும்பும் என்று அவர்களுக்குத் தெரியாது, பயிர் காத்திருக்காது. நம் பாதுகாப்பு அவர்கள் கண்ணில் ஒரு தடை. தடையைத் தாண்டக் கம்பி போட்டதும் மற்ற எல்லாப் பாதுகாப்பும் சேர்ந்தே போய்விடும்.

'விவசாயிக்குப் புரியவில்லை' என்று இங்கே எழுதிவிட்டு நகரும் கம்பெனி அந்த இடத்தோடு முடிந்தது. பாதுகாப்பைக் கழற்றிவிடுவதும் விடை அல்ல. கம்பி போடுவதற்கான காரணத்தை எடுத்துவிட வேண்டும். பெட்டி மோட்டாரை நிறுத்தியதும் விவசாயியின் போனுக்கு அழைப்பு வந்து தமிழில் பேசட்டும்: ஒரு ஃபேஸ் இல்லை, மோட்டாரை நிறுத்தியிருக்கிறது, மூன்றும் வந்ததும் தானாகப் போட்டுவிட்டு மறுபடி சொல்லும் என்று. சொன்னபடி ராத்திரி இரண்டு மணிக்குப் போட்டுவிட்டு, காலையில் எத்தனை மணி நேரம் ஓடியது என்றும் சொல்லட்டும். தூங்கப் போகலாம் என்ற நம்பிக்கை வந்தபின் கம்பிக்குத் தேவை குறையும். திரையில் வண்ண வண்ணமாக ஆப் செய்வதற்கு ஆகும் செலவில் பாதியில் இந்தக் குரல் அழைப்பைச் செய்துவிடலாம், பட்டன் போன் வைத்திருப்பவருக்கும் அது போய்ச் சேரும்.

கரண்ட் போன செய்தியை அனுப்புவதும் இப்படி ஒரு புதிர். அனுப்புவதற்கே கரண்ட் வேண்டுமே. லித்தியம் பேட்டரி அந்தச் சூட்டில் உப்பிப்போகும். சூப்பர் கெபாசிட்டர் வைக்கலாம், விலை ஏறும். இன்னொரு வழி, பெட்டியில் எதுவும் சேர்க்காமல் சர்வரில் செய்வது. ஒவ்வொரு பெட்டியும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று ஒரு சிறு செய்தி அனுப்பும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள மூன்று பெட்டியும் சேர்ந்தாற்போல் மௌனமானால் கரண்ட் போயிருக்கிறது. ஒன்று மட்டும் மௌனமானால் அந்தப் பெட்டிக்கோ அந்த சிம்முக்கோ கோளாறு, சர்வீஸ் ஆள் போகவேண்டும். பொருள் செலவு பூஜ்யம். எந்தப் பெட்டி எந்த டிரான்ஸ்ஃபார்மரில் என்று மாட்டும்போதே குறித்துவைத்திருந்தால் போதும்.

அடுத்தவர் கட்டணத்தின் மேல் கட்டிய வீடு

மிஸ்டு காலில் இயக்கும் கருவிகளின் அழகே செலவில்லாமை. ஒருமுறை சிம் வாங்கினால் வாழ்நாள் முழுக்க உள்வரும் அழைப்பு இலவசம் என்றிருந்த காலத்தில் அந்த டிசைன் சரியாகப் பொருந்தியது. 2018 இறுதியில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள், சிம் உயிரோடிருக்க 28 நாளுக்கு 35 ரூபாயாவது கட்டவேண்டும் என்று மாற்றின. ஸ்டார்ட்டருக்குள் கிடந்த, யாரும் ரீசார்ஜ் செய்யாத சிம்கள் ஒவ்வொன்றாக அடங்கின. பெட்டியில் ஒரு குறையும் இல்லை. வாடிக்கையாளருக்கு மட்டும் 'கருவி கெட்டுப்போச்சு'.

அதே ஆண்டு இயந்திரங்களுக்கான சிம்களுக்கு 13 இலக்க எண் வந்தது. அவற்றில் முன்கூட்டியே பதிந்த எண்களைத் தவிர அழைப்பும் குறுஞ்செய்தியும் நடக்காது என்பதால் மிஸ்டு கால் முறைக்கு அவை உதவாது, டேட்டா வழியாகத்தான் பேசவேண்டும். இன்னொரு பக்கம், 2016-ல் வந்த ஜியோவில் 2ஜியே கிடையாது. ஆக மாட்யூல், சிம், கட்டணம் மூன்றும் நம் கையில் இல்லாத முடிவுகள். அவற்றை மாற்றக்கூடிய துண்டுகளாக டிசைனில் வைக்கவேண்டும். மாட்யூலைத் தனிச் சிறு போர்டில் வைத்து கனெக்டரில் செருகுங்கள், நிரலில் மாட்யூலோடு பேசும் பகுதியைத் தனியாகப் பிரியுங்கள். முதல் நாளே ஆண்டுச் சந்தாவாக விற்றுப் பழக்குங்கள். சந்தா என்றால் தயங்குவார்கள், உண்மை. ஆனால் இலவசம் என்று விற்றுவிட்டு மூன்றாம் வருடம் பணம் கேட்பது அதைவிடக் கடினம். 2021 சிப் தட்டுப்பாட்டின்போது எஸ்டிஎம்32 வகை மைக்ரோகண்ட்ரோலர் சில்லுகளின் விலை பல மடங்கு ஏறியபோதும், இரண்டு வேறு சில்லுக்கு இடம்விட்டு போர்டு வரைந்து வைத்தவர்களுக்கு ஒரு வழி மிச்சம் இருந்தது.

இருபது, நூறு, முந்நூறு

வயல் சோதனைக்கு 20 பெட்டி போதும், ஆனால் இடத்தைப் பொறுக்கவேண்டும். தெரிந்தவர் தோட்டத்தில் மாட்டினால் நல்ல செய்திதான் வரும். ஐந்து பெட்டி சிக்னல் மோசமான இடத்தில், ஐந்து லைனின் கடைசியில் வோல்டேஜ் 320-க்கு இறங்கும் இடத்தில், ஐந்து ஈரம் அதிகமான தென்னந்தோப்பில், ஐந்து உள்ளூர் மெக்கானிக் 'அங்க அடிக்கடி எரியும்' என்று கைகாட்டும் இடத்தில். ஒரு கோடையும் ஒரு ஐப்பசி கார்த்திகை மழையும் தாண்டவேண்டும். எட்டு மாதம் ஆகும். குறுக்குவழி இல்லை.

திரும்பி வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு அட்டை: இடம், மாட்டிய தேதி, கெட்ட தேதி, அன்றைக்கு மழையா இடியா, விவசாயி சொன்ன வார்த்தை அப்படியே, திறந்து பார்த்ததில் தெரிந்த காரணம், படம். புதுப்பெட்டி மாற்றிக் கொடுத்துவிட்டுப் பழையதை மூலையில் போடும் கம்பெனி, தோல்விக்குப் பணம் கட்டிவிட்டுப் பொருளை வாங்காமல் வருகிறது. பத்தில் ஒன்றுக்கு மேல் 'காரணம் தெரியவில்லை' என்று இருந்தால் அடுத்த லாட் அடிக்கக்கூடாது.

இருபதிலிருந்து ஆயிரத்துக்குத் தாவும் ஆசை, பொருள் விலை குறையும் என்ற கணக்கில் வரும். 20, 100, 300 என்று போங்கள். ஐந்நூறு வரை கடையில் கிடைக்கும், தூசும் தண்ணீரும் புகாத ஐபி65 பெட்டியே போதும், சொந்த மோல்டுக்கு லட்சங்களைப் போட்டால் டிசைனை மாற்ற மனம் வராது. தூரத்திலிருந்து நிரலைப் புதுப்பிப்பதிலும் அதே நிதானம் வேண்டும். முதலில் ஐந்து பெட்டி, மூன்று நாள் கழித்து ஐம்பது, இன்னும் மூன்று நாள் கழித்து மற்றவை. புதிய நிரல் சர்வரோடு பேச முடியாவிட்டால் தானே பழையதுக்குத் திரும்பும்படி நினைவகத்தில் இரண்டு இடம் ஒதுக்குங்கள். மாட்யூல் உறைந்துபோனால் அதன் மின்சாரத்தையே துண்டித்துக் கொடுக்கும் ஒரு டிரான்சிஸ்டரும் வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு உறைவுக்கும் ஒருவர் பைக்கில் 40 கிலோமீட்டர் போகவேண்டும்.

அந்த 40 கிலோமீட்டர்தான் கணக்கைக் கவிழ்க்கும். மாதிரிக்கு ஒரு கணக்கு: பாகங்கள் 1,450, பெட்டி ஆன்டெனா கம்பி 380, பொருத்திச் சோதிக்கும் கூலி 220, பேக்கிங் லாரி 120, முதல் வருட சிம்மும் சர்வரும் 350. மொத்தம் 2,520 ரூபாய். விற்பனை விலை 5,000. அதில் 18 சதவீத ஜிஎஸ்டி போனால் 4,237. டீலருக்கு 20 சதவீதம் போனால் 3,390. மாட்டும் மெக்கானிக்குக் கமிஷன் 300. அந்த 2,520-ஐயும் கழித்தால் கையில் 570. ஒரு சர்வீஸ் நடைக்குப் போக்குவரத்து, ஆள், பாகம் சேர்த்து 1,300 என்று வைத்தால், நூற்றுக்குப் பத்து பெட்டி கெட்டால் பெட்டிக்கு 130 போய் 440 மிஞ்சும். நூற்றுக்கு 25 கெட்டால் 245-தான். சம்பளமும் வாடகையும் இதிலிருந்துதான். பாகத்தில் 40 ரூபாய் மிச்சம் பிடித்து, பழுதை நூற்றுக்கு நான்கு கூட்டினால்கூட அது நஷ்டம்தான்.

லாபம் காகிதத்தில் இருக்கும்போதே காசு தீர்ந்துபோவதும் நடக்கும். இறக்குமதிப் பாகங்களுக்கு முன்பணம், டீலருக்கு 60 முதல் 90 நாள் கடன். விற்பனை தையிலிருந்து வைகாசி வரை, மழைக்காலத்தில் கேட்பாரில்லை. 500 பெட்டி அடித்தால் 12,60,000 ரூபாய் நான்கைந்து மாதம் வெளியே நிற்கும். மத்திய அரசின் நிதி-பிரயாஸ் போன்ற திட்டங்களில் முன்மாதிரி செய்ய 10 லட்சம் வரை மானியம் கிடைக்கும், விண்ணப்பிக்கத் தகுந்ததே. ஆனால் அது தவணையில், குறித்த செலவுக்கு மட்டும் வரும் பணம். டீலர் கடனை அதில் ஓட்டலாம் என்று திட்டமிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

மெக்கானிக் கமிஷனைச் செலவு என்று பார்க்கக்கூடாது. ஊரில் எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரருக்கு, மோட்டார் எரியாமல் காக்கும் பெட்டி வருமானத்தைக் குறைக்கும் பொருள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் பெட்டி கழற்றப்படும். எதிரில் நிறுத்தாமல் அவரையே மாட்டும் ஆளாக, முதல் சர்வீஸ் ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாட்டுவதற்கு 300, பழுது பார்க்க ஒவ்வொரு முறைக்கும் கூலி, கடையிலேயே இரண்டு மாற்றுப் பெட்டி. அவருடைய பைக் நான்கு கிலோமீட்டர் போனால் போதும், உங்களுடையது நாற்பது போகவேண்டாம். பெட்டியின் எந்தப் பாகம் முதலில் போகும் என்பதும் உங்கள் டிசைனருக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

நிறுத்துவதையும் வரைந்து வைப்பது

எப்போது நிறுத்துவது என்பதை உற்சாகமாக இருக்கும் காலத்திலேயே எண்ணாக எழுதிவைக்க வேண்டும்: இரண்டாம் கோடை முடிவில் பழுது நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்தால், சந்தா புதுப்பிப்போர் பாதிக்குக் கீழே போனால், கையிருப்பு மூன்று மாதச் செலவுக்குக் கீழே இறங்கினால். நெருக்கடியில் உட்கார்ந்து யோசித்தால் இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு கடன் என்றுதான் மனம் போகும். வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பதும் அந்த நேரத்தில்தான் நடக்கிறது.

கம்பெனி மூடினாலும் பெட்டிகள் வயலில் இருக்கும். சர்வரை அணைத்த அன்றே எல்லாம் கல்லாகிப்போகும் டிசைனை, பணம் கொடுத்து வாங்கியவருக்குச் செய்யும் துரோகமாகவே கருதவேண்டும். சர்வர் 15 நாள் பதில் சொல்லாவிட்டால், உரிமையாளரின் நம்பரிலிருந்து வரும் அழைப்புக்கும் உள்ளே பதிந்த நேர அட்டவணைக்கும் பெட்டி தானே இயங்கும்படி ஒரு நிலையை நிரலில் வையுங்கள். டேட்டா மட்டும் ஓடும் சிம் போட்ட பெட்டியில் சாதாரண சிம்மை மாற்றிப் போட்டால் அழைப்பும் வேலை செய்யும்படி இருக்கட்டும். சர்க்யூட் படத்தையும் பாகப் பட்டியலையும் காயில் கட்டும் கடைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். இதற்கு வேண்டிய நிரலை முதல் நூறு பெட்டிக்குள் எழுதி, ஒரு தோட்டத்தில் சர்வர் இணைப்பை வெட்டிவிட்டு 15 நாள் ஓட்டிப் பாருங்கள். பதினாறாம் நாள் காலையில் விவசாயி கூப்பிட்டால் மோட்டார் கிளம்பவேண்டும்.